கறுப்புக் கேமரா, சாம்பல் கேமரா

“எடுத்து முடிச்சப்புறம் நான் எங்க இருப்பேன்?”

ஜுமானா இதைக் கேட்டபோது எங்கள் ஸ்டூடியோவின் வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நிக்காஹ் எழுதி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. முடியை அவிழ்த்து முன்பக்கம் விட்டிருந்தாள். கழுத்திலிருந்து வயிறுவரை தங்கம். காலா என்று நான் கூப்பிடும் என் சித்தி விளக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஜுமானா கேட்டது காலாவை அல்ல, என்னை.

யார் எது கேட்டாலும் எனக்கு முதலில் வாய் உலர்ந்துவிடும். பேச்சு பிறகுதான் வரும், வந்தால். அதனால் கேமராவின் பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே இருந்த கார்டைக் காட்டினேன்.

“இதுக்குள்ள. இது ஒண்ணுல மட்டும்தான்.”

“வேற எங்கயும் இல்லையே?”

“இல்ல.”

“சத்தியமா?”

தலையாட்டினேன். அவள் தோள் அப்போதுதான் கொஞ்சம் கீழே இறங்கியது. அவள் ஏன் இப்படித் துருவிக் கேட்கிறாள் என்று ஜித்தாவில் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அத்தை மகளின் படம் ஒன்று, கல்யாண மண்டபத்தில் எடுத்தது, யார் யாருடைய போனிலோ சுற்றியது. மாப்பிள்ளையின் அண்ணன் போனிலும் வந்தது. அந்தக் கல்யாணம் நின்றுபோனது. அந்தப் பெண் இப்போது வெளியே வருவதே இல்லை.

அதனால்தான் எல்லோரும் காலாவிடம் வருகிறார்கள். காலாவின் பெயர் இப்திஹால். பெண்களை மட்டுமே படம் எடுப்பாள். ஸ்டூடியோவுக்குள் ஆண் வாசமே கிடையாது; தண்ணீர் கேன் போடுகிறவர்கூட வாசலோடு சரி. காலாவுக்கு ஒரு சட்டம் உண்டு. படம் எதில் ஏறுகிறதோ அது பெண் வீட்டாருக்குச் சொந்தம். கார்டை அவர்களே புதிதாக, உறை பிரிக்காமல் வாங்கி வரவேண்டும். ஆல்பம் கொடுக்கிற நாளில் காலா அந்தக் கார்டைத் தட்டில் வைத்து, பெரிய கத்தரிக்கோலால் நாலாக வெட்டுவாள். வெட்டவேண்டாம், நாங்களே கொண்டுபோகிறோம் என்றால் அதுவும் அவர்கள் இஷ்டம். படங்களைச் சரிசெய்கிற கணினிக்கு இணையமே கிடையாது. ஆல்பம் அச்சானதும் அதிலிருந்தும் அழித்துவிட்டு, அந்த வட்டின் மேல் வேறு எதையாவது நிரப்பிவிடுவோம். காலா இந்த ஊரில் பேர் வாங்கியது படத்தால் பாதி, கத்தரிக்கோலால் பாதி.

நான் பள்ளியை விட்டுப் பதினெட்டு மாதம் ஆகிறது. வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னார்கள். நின்றேன், வாய் திறக்கவில்லை. மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள் போகவில்லை. “வாய் வேலை செய்யலன்னா கண்ணு வேலை செய்யட்டும்” என்று காலா கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

காலாவின் பழைய கேமராவுக்கு வயதாகிவிட்டது. பெரிய வீட்டுக் கல்யாணங்களில் இப்போது ஆளுயரப் படம் கேட்கிறார்கள். சுவரில் மாட்டினால் உடையில் ஜரிகையின் ஒவ்வொரு இழையும் எண்ணும்படி இருக்கவேண்டும். அதற்கு மீடியம் ஃபார்மட் கேமராதான் சரி. படம் விழுகிற சில்லே உள்ளங்கை பாதி அளவு இருக்கும். காலா இரண்டு கேமராக்களை மனதில் வைத்திருந்தாள், கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று. ஃபலஸ்தீன் தெருவில் ஷௌகியின் கடையில் இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாள்.

“குறிப்புப் புத்தகமெல்லாம் நீயே படி. எனக்கு அந்தப் பொடி எழுத்தைப் பாத்தாலே தலைசுத்துது. கடைசில எது நல்லதுன்னு ஒரே வார்த்தைல சொல்லு, போதும். ஒரு வார்த்தைதான, அது உனக்கு வரும்ல?”

முதல் வாரம் கறுப்பு. கனமாக இருந்தது. மணப்பெண் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பினாலும் கண்ணை விடாமல் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் டப் டப் என்று சத்தம். இரண்டு கார்டு போடலாம். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று “இரண்டிலும் பதி” என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த வாரத்துப் பெண் வீட்டார் இரண்டு கார்டு கொண்டுவந்தார்கள். காலா இரண்டையும் வெட்டினாள்.

இரண்டாவது வாரம் சாம்பல். அதைக் கையில் எடுத்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. சத்தம் மூச்சு விடுவதுபோலத்தான். தங்கத்தைத் தங்க நிறமாகவே எடுத்தது. இருபத்திரண்டு காரட்டும் பதினெட்டும் படத்தில் தனித்தனியாகத் தெரிந்தன. ஜுமானாவின் மோவாய்க்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு உண்டு, சிறுவயதில் விழுந்தது. நேரில் நான் அதைப் பார்க்கவில்லை. கேமரா பார்த்தது.

வழக்கம்போல முதல் படமும் கடைசிப் படமும் வண்ண அட்டை. நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க, இருபத்து நாலு கட்டம் போட்ட அட்டையைப் பெண்ணே முன்னால் நீட்டிப் பிடிப்பாள். ஜுமானாவின் மருதாணிக் கையும் அட்டையும். அதோடு முடித்தோம். அது செவ்வாய்க்கிழமை. படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு, கார்டை அவள் அம்மா கண்முன்னால் உறையில் போட்டு ஒட்டினோம். வியாழக்கிழமை கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்து ஷௌகி கடைக்கு அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை காலா கடலோர மண்டபம் ஒன்றைப் பார்க்க ஒபுர் பக்கம் போயிருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஜுமானாவும் அவள் அம்மா உம்மு ஃபிராஸும் ஆல்பம் வாங்க வருவதாக இருந்தது. நான் என் நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டு, கறுப்பு ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். எடை. சத்தம். நிறம். கார்டு எத்தனை. கறுப்புக்கு இரண்டு, சாம்பலுக்கு ஒன்று. ஒரு கார்டில் எத்தனை படம் கொள்ளும் என்று சாம்பலின் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன்.

“உள் நினைவகம்: ஒரு டெராபைட்.”

திரும்ப வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

அந்தக் கேமராவின் வயிற்றுக்குள்ளேயே படங்களுக்கு இடம் இருக்கிறது. நான் கைப்பழக்கத்தில் அதிலும் “இரண்டிலும் பதி” என்றுதான் வைத்திருந்தேன். ஒரே ஒரு கார்டு போடுகிற கேமராவில் இரண்டாவது எது என்று என்னை நானே கேட்கவில்லை.

ஜுமானாவின் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள், முடியோடு, கழுத்தோடு, தழும்போடு, வியாழக்கிழமையிலிருந்து ஷௌகியின் கடையில் இருக்கின்றன.

என் கால் இரண்டும் சில்லிட்டுப் போயின. ஜித்தா வெயிலில் கால் சில்லிடும் என்று அன்றுதான் தெரிந்தது. காலாவுக்குப் போன் செய்ய எடுத்தேன். அவளுடைய பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். கடைக்குப் போன் செய்து அழிக்கச் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அழிக்கிறவன் முதலில் பார்ப்பான். மேலும் அழித்தது அழிந்ததல்ல. போன வருடம் காலா தெரியாமல் அழித்த ஒரு கார்டிலிருந்து ஒரு படம் விடாமல் மீட்டுக் கொடுத்தவள் நான்தான். நான் மீட்டால் யாரும் மீட்கலாம்.

அபாயாவும் முகத்திரையும் போட்டுக்கொண்டு போனிலேயே வண்டி வரவழைத்தேன். அதில் யாரிடமும் பேசவேண்டியதில்லை. வழியெல்லாம் ஒரே வரியைச் சொல்லிப் பார்த்தேன். “அந்தக் கேமராவைக் கொஞ்சம் குடுங்க.” ஆறு தடவை வந்தது. ஏழாவது தடவை டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், நின்றுபோனது.

கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றபோதே தெரிந்தது. சாம்பல் கேமரா மேசைமேல் இல்லை. வெள்ளை தோப் அங்கி போட்ட ஒருவர் கையில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே போனேன். ஷௌகி எகிப்துக்காரர், பெரிய வயிறு, எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பார். அன்று ரொட்டியும் ஃபூல் என்கிற அவரை மசியலும். அவர் என்னைக் கவனிக்கவில்லை. வந்தவரோடுதான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

“உஸ்தாத் ஷௌகி, ஒரு முடிவு சொல்லுங்க. கறுப்பு வேகமா இருக்கு. என் வல்லூறு றெக்கையை விரிக்கிறப்ப கறுப்புதான் புடிக்கும். ஆனா அந்த நிறம் இதுலதான் வரும்.”

“அப்ப இத எடுத்துக்குங்க.”

“பறக்கிறப்ப விட்டுட்டா?”

“அப்ப கறுப்ப எடுத்துக்குங்க.”

“நிறம்?”

“பாஷா, நீங்க மூணு வாரமா வர்றீங்க. அந்த வல்லூறையே கூட்டிட்டு வாங்க. எதுமேல உக்காருதோ அத கட்டிக் குடுத்துடறேன்.”

வந்தவர் சிரித்தார். “சரி, இதுக்கு முன்னாடி எடுத்தவங்க எதாவது படம் வச்சிருப்பாங்கல்ல? பெருசாக்கிப் பாத்தா இழை இழையா தெரியுதான்னு பாத்துடலாம்.”

அவர் பெருவிரல் படம் பார்க்கிற பொத்தான்மேல் போனது.

நான் வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

திரையில் ஒரு கை வந்தது. முழங்கைவரை மருதாணி, விரல்களுக்கு நடுவில் வண்ண அட்டை. நான் எடுத்த கடைசிப் படம். அட்டையின் மேல் விளிம்போடு படம் முடிந்துவிடும், முகம் கிடையாது. ஆனால் அதற்கு முந்தைய படத்தில் அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“அட, கல்யாணப் பொண்ணு கை. எவ்வளவு துல்லியம் பாருங்க, மருதாணி காஞ்ச வெடிப்புகூட…” அவர் விரல் சக்கரத்துக்கு நகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

அந்தக் கேமராவின் அடியில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைத் தள்ளினால் பேட்டரி பாதி இறங்கி நிற்கும். இன்னொரு தடவை மேலே அழுத்திவிட்டால்தான் கையில் வரும். அந்த வாரம் முழுக்க நாற்பது தடவையாவது செய்திருப்பேன். யோசிக்கவில்லை. மேசைக்கு மேலே கையை நீட்டி, அந்நிய ஆணின் கையிலிருந்த கேமராவின் அடியைத் தொட்டு, நெம்பைத் தள்ளினேன். திரை இருண்டது. பேட்டரியை உருவி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“ஏ! ஏய் பொண்ணே!” ஷௌகி ரொட்டியோடு எழுந்தார். “யாரு நீ? குடு அத!”

வந்தவர் என்னைப் பார்த்தார். என் கண் மட்டும்தான் வெளியே தெரியும், அதில் என்ன தெரிந்ததோ. கேமராவைக் கண்ணாடிமேல் மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கை மட்டும்தாம்மா பாத்தேன். வல்லாஹி வேற ஒண்ணும் பாக்கல.”

ஷௌகிக்கும் அப்போதுதான் புரிந்தது. குரல் இறங்கிவிட்டது. “நீ இப்திஹால் அம்மாவோட ஆளா? வாடகைக்கு எடுத்துட்டுப் போற பொண்ணு? இதுல உள்ளயும் சேத்து வைக்கும்னு உனக்குத் தெரியாதா?”

தலையாட்டினேன், தெரியாது என்று.

“வியாழக்கிழமை வந்தது பெட்டியோட அலமாரிக்குள்ள போச்சு. நேத்து கடை மூடல். இப்ப கால் மணி நேரம் முன்னாடிதான் வெளிய எடுத்தேன். யாரும் தொடல. நான் எடுக்கலம்மா, எனக்கும் நாலு பொண்ணுங்க. இப்பவே உன் கண்ணு முன்னாடி அழிச்சுடறேன், பேட்டரிய குடு.”

கொடுக்கவில்லை. அழித்ததை மீட்கத் தெரிந்தவள் நான். அலமாரிக்குள்தான் இருந்தது என்று அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஜுமானாவின் அத்தை மகளுக்கும் யாரோ ஒருவர் இப்படிச் சொல்லித்தான் இருப்பார். இந்தப் பெட்டி இந்தக் கடையில் இருக்கிற வரைக்கும் இன்னொருவர் வருவார், இன்னொரு வல்லூறோடு.

“இது எங்களுக்கு” என்றேன்.

“என்னது?”

“வாங்கிக்கறோம். இதையே. இந்த ஒண்ணையே.”

“இப்திஹால் அம்மா முடிவு பண்ணிட்டாங்களா? புதுசா ஒண்ணு வரவழைச்சுத் தர்றேன், அத…”

“இதையேதான். காலா சொன்னாங்க.”

பள்ளியை விட்டபிறகு வெளியாள் ஒருவரிடம் நான் சேர்த்துப் பேசியது அவ்வளவுதான். அதிலும் கடைசி வரி பொய்.

ஷௌகி என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். வந்தவரைப் பார்த்தார். “பாஷா, உங்க சந்தேகம் பாதி தீந்துச்சு. இனிமே கறுப்பு மட்டும்தான்.” பிறகு கேமராவைப் பெட்டியில் வைத்து என் பக்கம் தள்ளினார். “நாளைக்கு உன் காலாவ வரச்சொல்லு. அவங்க பேருக்காகத்தான் குடுக்கறேன்.”

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வண்டியில் என் நோட்டைத் திறந்து, காலா கேட்ட அந்த ஒரே வார்த்தையைக் கீழே எழுதி அடிக்கோடிட்டேன். “கறுப்பு.” எங்கள் வேலைக்கு அதுதான் சரி. அதில் ஏறியதெல்லாம் கார்டோடு வெளியே வந்துவிடும். வாங்கி வந்திருப்பது சாம்பல்.

மூன்றே முக்காலுக்கு ஸ்டூடியோ சேர்ந்தேன். காலா ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாள். பெட்டியைத் திரைக்குப் பின்னால் ஒளித்தேன். சொல்லிவிடலாம் என்று அடுப்படி வாசலில் போய் நின்றேன். “என்ன மூஞ்சி இது, வெயிலா?” என்றாள் காலா. மணி அடித்தது.

உம்மு ஃபிராஸ் உள்ளே வரும்போதே வாசனை முன்னால் வந்தது. உட்கார்ந்து காபி குடித்தார், பேரீச்சம்பழம் வைத்த மாமூல் பிஸ்கட் இரண்டு தின்றார், ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி மாஷா அல்லாஹ் சொன்னார். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்னடி ஷதா, உனக்கும் ஒருத்தனப் பாக்கட்டுமா? வாயே திறக்காத பொண்ணுன்னு சொன்னா என் வீட்டு வாசல்ல வரிசைல நிப்பானுங்க.”

“நீங்க வேற” என்றாள் காலா. “இவ நிக்காஹ்ல சம்மதம்னு சொல்றதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரைச்சுடும்.”

ஜுமானா சிரித்தாள். முக்காட்டைத் தோளில் தள்ளியிருந்தாள். கையில் மருதாணி இன்னும் கறுப்பு மாறாமல் இருந்தது.

காலா வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். உறையைக் கிழித்துக் கார்டைத் தட்டில் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். எப்போதும் சொல்கிறதைச் சொன்னாள். “இதோட சரி. இனிமே ஆல்பத்துல தவிர நீ வேற எங்கயும் இல்ல.”

ஜுமானா காலாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை கேட்ட அதே கண்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. ஷௌகி சொல்லமாட்டார். கத்தரிக்கோல் திறந்தது.

திரைக்குப் பின்னால் போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து, கேமராவை எடுத்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இதுலயும் இருக்கு.”

“என்னடி இது?” காலாவின் கை அப்படியே நின்றது. “திருப்பிக் குடுத்த கேமரா இங்க எப்படி வந்துச்சு?”

சொன்னேன். கோர்வையாக வரவில்லை. முன்னால் சொல்லவேண்டியதைப் பின்னால் சொன்னேன், ஒரே வார்த்தையை மூன்று தடவை சொன்னேன். ஆனால் விடாமல் சொன்னேன். உள் நினைவகம். இரண்டிலும் பதி. வியாழக்கிழமை. அலமாரி. வாங்கிவிட்டேன் என்பதையும்.

“என் மக முகம் ரெண்டு நாள் கடைக்காரன் அலமாரில கிடந்துச்சா?” உம்மு ஃபிராஸ் எழுந்துவிட்டார். காபிக் கோப்பை உருண்டது. “இப்திஹால்! ஊரெல்லாம் விட்டுட்டு உன்னைத் தேடி வந்தோமே! இந்த ஊமைக் கோட்டான் கைலயா என் பொண்ணைக் குடுத்து வச்சிருந்த?”

காலா கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள். அவள் முகத்தை நான் அப்படி இதற்குமுன் பார்த்ததில்லை. கோபம் இல்லை. பயம். என்னுடையதைப் போலவே.

ஜுமானா மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

“யாராவது பாத்தாங்களா?”

“ஒருத்தர்.”

உம்மு ஃபிராஸ் மூச்சை இழுத்தார்.

“எத?”

“கைய. அட்டையப் புடிச்சிருந்த கை. அது மட்டும். நான் பேட்டரிய உருவிட்டேன்.” அபாயாப் பையிலிருந்து பேட்டரியை எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் உள்ளங்கையில் அதன் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. “அழிச்சா போதாது. அழிச்சாலும் எடுக்கலாம். அதான்… கடையில விட முடியல.”

ஜுமானா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். புறங்கை, பிறகு உள்ளங்கை. மெதுவாக அபாயாக் கைக்குள் இழுத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மன்னித்தாளா, வெறுத்தாளா, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

எழுந்தாள். முக்காட்டைப் போட்டு முகத்தை மூடினாள். தட்டிலிருந்த கார்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். பேட்டரியையும் போட்டாள். பிறகு கேமராவை எடுத்து அதன் வாரைத் தலைவழியாக மாட்டி, அபாயாவுக்கு உள்ளே விட்டுக்கொண்டாள்.

“ஜுமானா, அது வந்து…” காலா பாதி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். படம் எதில் ஏறுகிறதோ அது பெண் வீட்டாருக்குச் சொந்தம். பத்து வருடமாக அதைச் சொல்லிவந்தவள் அவள்தான். உட்கார்ந்துவிட்டாள்.

“விடுடி அத, அவங்க பொழப்பு அது” என்றார் உம்மு ஃபிராஸ், யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல்.

ஜுமானா ஆல்பத்தை அம்மாவின் கையில் கொடுத்தாள். என்னைக் கடந்து வாசலுக்குப் போனாள். அபாயாவுக்குள் கேமரா ஒரு குழந்தையைப்போலப் புடைத்துக்கொண்டிருந்தது, ஒரு கையால் அதை அடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் படியிறங்கிப் போனாள்.